துண்டை இடுப்பில் கட்டியவர்களுக்கு எங்கள் நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபை மக்களுக்கும், மதம் பாராமல் எங்களோடு நின்ற அக்கம்பக்கத்தாருக்கும்,

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். சிறுநீரகம் கெட்டுவிட்டதால் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) தொடர்கிறது. அது வாழ்நாள் முழுக்க இருக்கும் என்று தெரியும். ஆனால் காலில் இருந்த புண் ஆறிவிட்டது. சென்ற ஞாயிறு யார் கையையும் பிடிக்காமல் நடந்து ஆராதனைக்கு வந்தார். உங்களில் பலர் அழுதுவிட்டீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. இப்போதைக்கு இந்த மடல்.

பக்கத்து வீட்டுச் சீன அங்கிள், பினாங்குத் தீவில் உள்ள மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் விடியும் முன்பே காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். பாலத்தில் நெரிசல் தொடங்கிவிட்டால் அப்பா காரில் உட்கார்ந்தே சோர்ந்துவிடுவார் என்று எங்களைவிட அவருக்குத்தான் அவசரம். எண்ணெய்க் காசை நீட்டினால் கோபித்துக்கொள்வார்.

மாதர் ஐக்கியத்து அக்காமார்களே, சிறுநீரக நோயாளிக்குச் சமைப்பது லேசான வேலை இல்லை. காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் தாளிக்க வேண்டும். அப்போதுதான் பொட்டாசியம் குறையும். கருவாடு, ஊறுகாய், இளநீர் எல்லாம் ஆகாது. தன் வீட்டு மரத்து நட்சத்திரப் பழத்தை ஆசையாகக் கொண்டுவந்த ஆண்டியிடம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது விஷம் மாதிரி என்று உங்களில் ஒருவர்தான் மனம் நோகாமல் எடுத்துச் சொன்னீர்கள். இவ்வளவையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு மேல் ருசியாகவும் சமைத்தீர்களே!

வாலிபர் குழுவைச் சேர்ந்த தம்பியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. புண்ணுக்குக் கட்டுப் போடுவது கிளினிக் மிஸ்ஸியின் (நர்ஸின்) வேலை. புண் இல்லாத மற்றக் காலை எப்படிக் காப்பாற்றுவது என்று அந்த மலாய் மிஸ்ஸியிடமே இந்தத் தம்பி கேட்டுப் பழகிக்கொண்டான். வேலை முடிந்து மோட்டாரில் வந்து இறங்கியதும் பேசினில் தண்ணீர் பிடிப்பான். முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பான். காலைக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரம் போகத் துடைத்து, பாதத்துக்கு அடியில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பான். அப்பா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டால், “விடுங்க அங்கிள், இன்னும் ஒரு விரல்தான்” என்பான்.

இந்த நன்றியோடு ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் முன்பு போய்வந்த ஒரு ஜெபக்குழுவின் தலைவர், சிகிச்சையை நிறுத்திவிட்டு உபவாசம் இருக்கச் சொன்னார். அப்பா மறுத்தார். உடனே அந்தத் தலைவர், எங்கள் வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது என்றும், யாரும் அங்கே போகக் கூடாது என்றும் கூட்டத்தில் அறிவித்தார். தேவன் தந்த அதிகாரத்தில் சொல்கிறேன் என்றார். கேள்வி கேட்டவர்களிடம், கர்த்தர் அபிஷேகம்பண்ணினவரைத் தொடாதே என்ற வசனத்தைக் காட்டினார்.

அந்த வார்த்தையைச் சொன்ன தாவீது வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தன்னைக் கொல்லத் தேடிவந்த சவுல் ராஜாவை என்கேதி குகையில் கொல்லாமல் விட்டவன், வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் காட்டி, ராஜாவின் அநியாயத்தை அவர் முகத்துக்கு நேரே பேசினான். பின்னாளில் தாவீதே ராஜாவாகித் தவறியபோது தீர்க்கதரிசி நாத்தான் வந்து கண்டித்தார். தாவீது பணிந்தான். தப்பைத் தட்டிக் கேட்பதற்கு அந்த வசனம் எங்கேயும் தடை போடவில்லை.

யோவான் 13ஆம் அதிகாரத்தை இந்த நாட்களில் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்று இயேசு அறிந்திருந்தார். வானத்திலும் பூமியிலும் அதற்கு மேல் அதிகாரம் ஏது? அதை அறிந்தவர் அடுத்து என்ன செய்தார்? பந்தியை விட்டு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷர்களின் கால்களைக் கழுவினார். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸும் அந்த அறையில்தான் இருந்தான். அதிகாரத்தை வைத்து ஒரு நோயாளியைத் தனியாக்குவது அந்த ஆண்டவரிடம் கற்ற பாடமாக இருக்கவே முடியாது.

அந்தக் குழுவில் இருந்துகொண்டே, தடையை மீறி, பட்டப்பகலில் எங்கள் வாசலில் வந்து நின்ற குடும்பங்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! உங்களுக்கு அதனால் வந்த ஏச்சும் பேச்சும் எங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்த அன்றுதான் அம்மா பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார். அந்தத் தலைவருக்காகவும் அப்பா தினமும் ஜெபிக்கிறார், பெயர் சொல்லித்தான் ஜெபிக்கிறார். அப்பா அளவுக்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை, கர்த்தர் தருவார்.

அப்புறம், உங்கள் டிபன் கேரியர்கள் நிறைய எங்கள் வீட்டில் சேர்ந்துவிட்டன. ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுவருகிறேன், அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இரவல் வாங்கிய சக்கர நாற்காலியும் சும்மாதான் இருக்கிறது. யாருக்குத் தேவை என்றாலும் உடனே சொல்லுங்கள், தம்பி மோட்டாரை விட்டுவிட்டு அங்கிளின் காரில் ஏற்றிக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அப்பா, அம்மா சார்பில்,
மூத்த மகள்
பட்டர்வொர்த், பினாங்கு