சிலிகான் டியூபை எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்துவிட்டால், மும்பையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கால் வைக்கிற இடம் ஊறிக் கிடக்கிறது, எங்கே ஓட்டை?" கேள்வியிலேயே பாதித் தவறு இருக்கிறது. கார் என்பது தண்ணீர் புகாத டப்பா இல்லை. மழைநீர் கதவுக்குள்ளும் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தொட்டிக்குள்ளும் போகத்தான் செய்யும். போன தண்ணீர் இறங்கி வெளியேற வழி வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வயதான காரில் பல சமயம் புதிதாக ஓட்டை எதுவும் விழுந்திருக்காது. இருந்த ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கும். இது தெரியாமல் கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் சிலிகான் பசையைப் பிதுக்கினால், மிச்சமிருந்த வழியும் போய்விடும்.

முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். வெயில் நாளில் ஏசி போட்டு ஓடிய பிறகு இடது முன்பக்கம் மட்டும் நனைகிறதா? அது மழையே இல்லை, ஏசியில் குளிர்ந்து சொட்டுகிற நீர். நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூடச் சேரும். அது டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாக ரோட்டில் சொட்ட வேண்டும். ஏசி போட்டு நிறுத்திய காருக்கு அடியில் ஈரமே இல்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கீழிருந்து மெதுவாகக் காற்றடித்தால் பொதுவாகத் திறந்துவிடும். கம்பியை விட்டுக் குத்த வேண்டாம். உள்ளே இருக்கும் கூலிங் காயில் ஓட்டையானால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

நீர் வழவழப்பாக, லேசான இனிப்பு வாடையோடு, பச்சையோ சிவப்போ கலந்து, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம்போல் மங்கினால் அது ஹீட்டரிலிருந்து கசிகிற கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கிற திரவம். பானெட்டைத் திறந்து கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மும்பையில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். போடாவிட்டாலும் பல கார்களில் அதற்குள் கூலன்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பின் கண்ணாடிக்கு வைப்பர் உள்ள பல கார்களில் வாஷர் குழாய் கூரைக்குள்ளேயே ஓடுகிறது. அது கழன்றாலும் பின் தூண் வழியாக நீர் இறங்கும். சோப்பு வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

இதெல்லாம் இல்லை, மழைதான் என்று உறுதியான பிறகு மேட்டிங்கை, அதாவது தரையோடு பதித்த விரிப்பைத் தூக்குங்கள். ஃபுட்மேட்டை மட்டும் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு "காய்ந்திருக்கிறது" என்று சொல்லக் கூடாது. மேட்டிங்குக்கு அடியில் ஒட்டியிருக்கும் தடித்த ஃபோம் லிட்டர் கணக்கில் நீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே தொட்டால் தெரியாது, உள்ளங்கையால் அழுத்தினால் சுரக்கும். ஈரம் இருக்கிற இடமும் நீர் நுழைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்திய காரில் முன்னால் நுழைந்த நீர் பின் சீட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். சீட்டைக் கழற்ற வேண்டி வந்து, அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் மைனஸை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் வெளியே. உள்பக்கத் தகரத்தைத் துடைத்துக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் சாக்பீஸ் பொடியைத் தடவி விடுங்கள். ஒரு சொட்டு ஓடினாலும் பொடியில் கோடு விழும். குழாயின் முனையில் நாசில் இல்லாமல், மெல்லிய தாரையாக, ஒரே இடத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் விட வேண்டும். கீழிருந்து மேலே போங்கள். முதலிலேயே கூரையில் ஊற்றினால் நீர் எல்லா இடுக்கின் மேலும் வழிந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். வாஷிங் சென்டர் பிரஷர் கன் கூடவே கூடாது. கதவைச் சுற்றியுள்ள நல்ல ரப்பர் பீடிங்கையும் தாண்டி அது நீரைத் தள்ளும். சொசைட்டியில் பைப் விடமாட்டார்கள் என்றால் செடிக்கு ஊற்றும் பூவாளி போதும், ஓர் இடத்துக்கு இரண்டு பக்கெட். டிக்கிக்குள் ஆளைப் படுக்க வைக்க முடியாதே என்று யோசிக்க வேண்டாம். மொபைலில் லைட்டைப் போட்டு வீடியோவை ஓடவிட்டு, ஈரம் படாத மூலையில் வைத்து மூடிவிட்டு வெளியே ஊற்றுங்கள்.

முதல் சந்தேகம் வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் ஜாலியின் மேல் விழ வேண்டும். மாட்டுங்கா, தாதர் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியிலும் குல்மொஹர் மரத்தடியிலும் நிற்கிற கார்களுக்கு இது ஏறக்குறைய விதி. அரசிலை போன்ற பெரிய இலை ஜாலியின் மேலேயே தங்கிவிடும், கையால் தட்டிவிடலாம். குல்மொஹரின் நகக்கண் அளவு சிற்றிலை அப்படியல்ல. ஜாலிக்குள் நழுவி, ஊறி, தூசியோடு சேர்ந்து காப்பி மண்டிபோல் படிந்து, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகாலை மூடும். தொட்டி நிரம்பினால் நீருக்கு அடுத்த வழி, பிளோயர் விசிறி காற்றை இழுக்கிற வாய். அது நம் கார்களில் பெரும்பாலும் இடது பக்கம். மழைக்குப் பிறகு இடது முன்பக்கம் நனைவதன் ரகசியம் இதுதான்.

வைப்பர் கையைக் கழற்றும் முன் கண்ணாடியில் அது நிற்கும் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ஜாலியின் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து உடைகிற பதத்தில் இருக்கும். குர்லா பக்கம் உதிரிபாகக் கடைகளுக்குப் போகும்போது நாலைந்து வாங்கி வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கலாம். மண்டியைக் கையால் அள்ளுங்கள். பைப் வைத்துத் தள்ளினால் வடிகாலுக்குள்ளேயே போய் இறுகும். அள்ளிய பின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு மக் தண்ணீர் ஊற்றினால், முன் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் கீழே விழ வேண்டும்.

அடுத்தது கதவு. கண்ணாடியை ஒட்டி இறங்குகிற மழைநீர் கதவின் வயிற்றுக்குள் போய், அடியில் உள்ள இரண்டு மூன்று துளைகளில் வெளியேறும். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அந்த நீரைக் காருக்குள் விடாமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. தாள் இல்லையென்றால் நீர் பேடின் மேல் தெறித்து, படியைத் தாண்டி உள்ளே வரும். தடித்த பாலிதீன் ஷீட்டும் பியூட்டைல் டேப்பும் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வாங்கினால் ஒரு மணி நேர வேலை. தாளின் கீழ் ஓரம் கதவுக்கு உள்பக்கம் செருகப்பட வேண்டும். வெளியே தொங்கவிட்டு ஒட்டினால், ஒட்டாததும் ஒட்டியதும் ஒன்றுதான். பழைய பசையை அதே டேப்பின் ஒரு உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தால் கையோடு வந்துவிடும். கதவடித் துளைகளில் விளக்குமாற்று ஈர்க்குச்சியை விட்டுப் பாருங்கள். துருப்பிடிக்காமல் இருக்க அடித்த கறுப்புக் கோட்டிங்கே பல கார்களில் அவற்றை மூடியிருக்கும்.

பீடிங்கைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கமாக வர வேண்டும், உருவிக்கொண்டு வருகிற இடத்தில் ரப்பர் செத்துவிட்டது.

டிரைவர் பக்கம் நனைந்தால் என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரத்தில் கேபிளும் வயரும் நுழையும் கிராமட் என்கிற ரப்பர் வளையங்களைப் பாருங்கள். ஃபாக் லேம்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் புதிதாகத் துளை போட்டு நேராக இழுத்த வயரின் மேலேயே நீர் நடந்து வரும். நுழைவதற்கு முன் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலேற்றினால் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். டிக்கி நனைந்தால் பின் விளக்கின் ஃபோம் கேஸ்கெட், கூரை ஓரப் பட்டியின் கீழுள்ள வெடித்த சீலன்ட், ஸ்டெப்னி குழியின் ரப்பர் மூடி. கூரை விளக்கில் சொட்டினால் ஆன்டெனா அடிப்பகுதி.

முன் கண்ணாடி ஒருமுறை மாற்றப்பட்ட காரா? பழைய பசையை அறுத்த கத்தி பெயின்டைக் கீறியிருக்கும். அங்கே துருப் பிடித்து பசையைத் தூக்கும். மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. கண்ணாடியைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, பாலியூரிதேன் பசையில் உட்கார வைக்க வேண்டும். பசை இறுகும்வரை ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்தே வையுங்கள். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கதவை அறைந்தால் உள்காற்று புதுப் பசையைப் பிதுக்கிவிடும். வினிகர் வாடை அடிக்கிற பாத்ரூம் சிலிகான் மட்டும் வேண்டாம். அது இறுகும்போது வருகிற அமிலம் வெறும் தகரத்தை அரிக்கும். சிலிகான் பட்ட இடத்தில் பின்னால் பெயின்டும் பிடிக்காது, சரியான பசையும் பிடிக்காது.

காயவைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஜூலையில் வெயிலை நம்ப முடியாது. ஃபோமை ஸ்பாஞ்சால் உறிஞ்சி, மேட்டிங்குக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி, டேபிள் ஃபேனை இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் காற்றின் ஈரம் இன்னும் வேகமாக இறங்கும். ஈரத்தோடு மூடினால் அடுத்த மாதம் தரையில் துரு, அதற்கடுத்து இணைப்புகளில் பச்சை பூத்து, ஒவ்வொரு விளக்காகக் கோளாறு காட்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒழுகிய காரைத் திருத்தலாம், மூழ்கிய காரை வாங்காமல் இருப்பது நல்லது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் இது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். எத்தனை முறை கழுவினாலும் சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு நிற்கும்.

கராஜில் கொடுப்பதானால், பில்லில் "லீக்கேஜ் வேலை" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். நீர் எங்கே நுழைந்தது என்று எழுதச் சொல்லுங்கள். மேட்டிங்கைத் திரும்பப் போடும் முன் அதே இடத்தில் ஐந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் வேலை பார்ப்போர் சிலர்,
மாட்டுங்கா - சயான் வட்டாரம், மும்பை.