பதினாறுக்கு எதிரே பத்து

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் நண்பர்களோடு கேசினோவுக்குப் போகப்போவதாகவும், அதற்குள் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். "போகாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அப்பா" என்று கடைசி வரியில் கேட்டுக்கொண்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன் அம்மா. உன் சம்பாத்தியம், உன் முடிவு. உட்காருவதாக இருந்தால் தெரிந்துகொண்டு உட்கார் என்பதுதான் என் கவலை. வகுப்பில் நிகழ்தகவு நடத்திய காலத்திலிருந்தே இந்த ஆட்டத்தின் கணக்கு எனக்குப் பிடிக்கும். ரூலெட்டில் எந்த எண்ணில் பணம் வைத்தாலும் ஒன்றுதான். பிளாக்ஜாக்கில் ஒவ்வொரு கையிலும், அதாவது ஒவ்வொரு தடவை சீட்டு வரும்போதும், நீ எடுக்கும் முடிவு உன் பணத்தைக் கூட்டும், குறைக்கும்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இரண்டு சீட்டு, கேசினோவுக்காகச் சீட்டு போட்டு உன்னை எதிர்த்து ஆடும் டீலருக்கு இரண்டு. டீலரின் ஒரு சீட்டு திறந்திருக்கும், இன்னொன்று கவிழ்ந்திருக்கும். ஜாக், குயின், கிங் மூன்றுக்கும் மதிப்பு 10. ஏஸ் 1 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம், உனக்கு எது வசதியோ அது. இன்னொரு சீட்டு வாங்கினால் ஹிட், போதும் என்றால் ஸ்டாண்ட். 21ஐத் தாண்டினால் பஸ்ட், பணம் போயிற்று. முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்துமாக வந்தால் அது பிளாக்ஜாக், அதற்குக் கூடுதல் பணம். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை வந்தால் புஷ், வைத்த பணம் திரும்பி வரும்.

பலர் 21ஐ எட்டுவதுதான் ஆட்டம் என்று நினைக்கிறார்கள். 21ஐத் தாண்டாமல் டீலரின் எண்ணிக்கையை ஜெயித்தால் போதும். உன் கையில் வெறும் 12 இருந்து டீலர் பஸ்ட் ஆனாலும் உனக்கு முழுப் பணம். டீலருக்கு யோசிக்க உரிமை கிடையாது. 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். இயந்திரம் மாதிரி ஆடுகிற ஒருவரிடம் கேசினோ எப்படிச் சம்பாதிக்கிறது என்று நீ கேட்கலாம். நீ முதலில் ஆடுகிறாய், டீலர் பிறகு ஆடுகிறார். அவ்வளவுதான் விஷயம். நீ பஸ்ட் ஆனதும் உன் பணத்தை எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் டீலரும் பஸ்ட் ஆனால் கூட அது திரும்பி வராது. டீலர் 100 கைக்குச் சுமார் 28 தடவை பஸ்ட் ஆகிறார். நீயும் டீலரைப் போலவே 17 வரை எடுத்துக்கொண்டு ஆடினால், இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ட் ஆகும் அந்தக் கைகளால் வைக்கும் பணத்தில் சராசரியாக ஐந்தரை சதவீதம் போய்விடும். சரியாக ஆடக் கற்றால் நல்ல விதிகள் உள்ள மேசையில் இது அரை சதவீதத்துக்கு இறங்கும். நான் உனக்குச் சொல்லித்தர நினைப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஐந்து சதவீதத்தைத்தான்.

அந்தச் சரியான ஆட்டத்தைக் கண்டுபிடித்தது சூதாடிகள் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1950களில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட் என்ற நான்கு பேர், கணினி இல்லாமல், மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கைக்கும் எது சிறந்த முடிவு என்று போட்டுப் பார்த்தார்கள். 1956இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் அது கட்டுரையாக வந்தது. பின்னால் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு ஐபிஎம் கணினியில் மேலே கொண்டுபோனார். இன்று 'பேசிக் ஸ்ட்ராட்டஜி' என்று அட்டையில் அச்சடித்து விற்கப்படுவது அந்த வழியில் வந்ததுதான். பெரும்பாலான கேசினோக்களில் அந்த அட்டையை மேசையிலேயே வைத்துப் பார்த்து ஆட விடுவார்கள். கூச்சப்படாமல் எடுத்துப் போ.

அட்டையைப் பார்த்து ஆடலாம் என்றாலும் காரணம் தெரிந்து ஆடுவதுதான் எனக்குத் திருப்தி. முதலில் டீலரின் திறந்த சீட்டைப் பார்க்கப் பழகு. அது 4, 5, 6 என்றால் டீலர் கஷ்டத்தில் இருக்கிறார். 5 அல்லது 6 இருக்கும்போது 100க்குச் சுமார் 42 தடவை பஸ்ட் ஆவார். 7க்கு மேல் போனால் அந்த வாய்ப்பு கால்வாசிக்கு இறங்கிவிடும். அதனால் உன்னிடம் 13 முதல் 16 வரை இருந்து டீலரிடம் 2 முதல் 6 வரை இருந்தால் சும்மா இரு, அவர் பஸ்ட் ஆகட்டும். டீலரிடம் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் 17 வரும் வரை நீ எடுத்தாக வேண்டும். 12 மட்டும் கொஞ்சம் வேறு. டீலரின் 4, 5, 6க்கு நிறுத்து, 2க்கும் 3க்கும் எடு. 12இல் உன்னை பஸ்ட் ஆக்குவது பத்து மதிப்புள்ள சீட்டுகள் மட்டுமே, அதாவது 13 வகையில் நான்கு. பயப்படுகிற அளவுக்கு அது பெரிய ஆபத்து இல்லை.

ஆட்டத்திலேயே மோசமான கை ஒன்று உண்டு. உன்னிடம் 16, டீலரிடம் 10. சீட்டு எடுத்தால் 13 வகையில் எட்டு வகை உன்னை பஸ்ட் ஆக்கும். எடுக்காவிட்டால் டீலர் பஸ்ட் ஆனால்தான் உனக்குப் பிழைப்பு. அது 100க்கு 20 சொச்சம் தடவைதான் நடக்கும். இரண்டு வழியிலும் நீ வைத்த பணத்தில் சராசரியாகப் பாதிக்கும் சற்று அதிகமாக இழப்பாய். எடுப்பது மயிரிழை அளவு மேலானது, அவ்வளவே. பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்து அந்தக் கையிலிருந்து விலகுவதற்கு சரண்டர் என்று பெயர், அதை அனுமதிக்கும் மேசையாக இருந்தால் தயங்காமல் விட்டுக்கொடு. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்தக் கையில் மனிதர்களுக்குச் சீட்டு எடுக்க மனம் வராது. எடுத்து பஸ்ட் ஆனால் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டது போல இருக்கும், எடுக்காமல் தோற்றால் டீலர் ஜெயித்தது போல இருக்கும். பணத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எடுக்க வேண்டிய இடத்தில் எடு, போனால் போகட்டும்.

பணம் வருகிற இடங்கள் வேறு. உன் முதல் இரண்டு சீட்டு 11 என்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்கு. இதுதான் டபுள். டீலரிடம் ஏஸ் இருந்தால் மட்டும் மேசை விதியைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், அட்டையைப் பார். 10 என்றால் டீலரின் 2 முதல் 9 வரைக்கும், 9 என்றால் 3 முதல் 6 வரைக்கும் டபுள். புதிதாக ஆடுகிறவர்கள் இங்கேதான் பயந்து பின்வாங்குகிறார்கள். டீலர் பலவீனமாக இருக்கும்போது கூடுதல் பணம் வைக்கக் கிடைக்கும் இந்த உரிமைதான் உன் பக்கம் தட்டைத் தாழ்த்துகிறது. அதை விட்டுவிட்டால் அரை சதவீதம் என்ற கணக்கு நிற்காது.

ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு வந்தால் பிரித்து இரண்டு கையாக ஆடலாம். இரண்டு ஏஸையும் இரண்டு 8ஐயும் எப்போதும் பிரி. இரண்டு 10ஐப் பிரிக்காதே, கையில் 20 இருக்கிறது. இரண்டு 5ஐயும் பிரிக்காதே, அது 10, டபுள் செய்கிற கை. டீலரின் பத்துக்கு எதிரே இரண்டு 8ஐப் பிரிக்கும்போது மனம் ஒப்பாது. தோற்கிற கைதான், ஆனால் 16ஆக வைத்துக்கொண்டு தோற்பதைவிடக் குறைவாகத் தோற்பாய். அப்புறம், ஏஸ் 11ஆக எண்ணப்படும் சாஃப்ட் கைகளில் ஒரு சீட்டு எடுத்தால் பஸ்ட் ஆக வழியே இல்லை. ஏஸும் 6மாக 17 வந்தால் ஒருபோதும் நிறுத்தாதே. ஏஸும் 7மாக 18 வந்தால் கூட, டீலரிடம் 9, 10, ஏஸ் இருந்தால் எடு. 18 நல்ல கை போலத் தெரியும், அந்த மூன்றுக்கும் எதிரே அது போதாது.

இன்ஷூரன்ஸ் என்று ஒன்று வரும். டீலரிடம் ஏஸ் திறந்திருக்கும்போது கேட்பார்கள். பெயரைக் கேட்டால் பாதுகாப்பு போல இருக்கிறது. உண்மையில் டீலரின் கவிழ்ந்த சீட்டு பத்தா என்று தனியாக ஒரு பந்தயம், அவ்வளவே. ஆறு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்து ஆடும் மேசையில் 312 சீட்டு. அந்த ஏஸ் போக 311. அதில் பத்து மதிப்புள்ளவை 96. ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். 311 தடவை ஒவ்வொரு ரூபாய் வைத்ததாக நினை. 96 தடவையில் 192 வரும், மீதி 215 தடவையில் 215 போகும். 23 நஷ்டம், ஏழு சதவீதத்துக்கு மேல். உன்னிடம் பிளாக்ஜாக் இருக்கும்போது "ஈவன் மணி வேண்டுமா", அதாவது வைத்த அளவுக்கே லாபத்தை இப்போதே வாங்கிக்கொள்கிறாயா, என்று கேட்பதும் இதே பந்தயம்தான். புன்னகையோடு வேண்டாம் என்று சொல். ஜோடி வந்தால் இவ்வளவு, மூன்று சீட்டு சேர்ந்தால் இவ்வளவு என்று வட்டம் போட்டு வைத்திருக்கும் பக்கப் பந்தயங்களுக்கும் அதே பதில்.

உட்காரும் முன்பே மேசைத் துணியில் அச்சடித்திருப்பதைப் படி. பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 என்று இருந்தால் 10 வைத்தவருக்கு 15 கிடைக்கும். 6க்கு 5 என்று இருந்தால் 12தான். சுமார் 21 கைக்கு ஒரு தடவை பிளாக்ஜாக் வருவதால், இந்த ஒரு மாற்றமே கேசினோவின் லாபத்தை 1.4 சதவீதம் கூட்டிவிடும். நீ மனப்பாடம் செய்து மிச்சம் பிடித்ததில் கால் பங்குக்கு மேல் அங்கேயே கரைந்துபோகும். குறைந்த பந்தயம் உள்ள மேசைகளில் இந்த விதி அதிகம் தட்டுப்படும். 6க்கு 5 என்றால் உட்காராதே. 17 வந்தால் டீலர் நிறுத்த வேண்டும் என்றேன், சாஃப்ட் 17 மட்டும் மேசைக்கு மேசை மாறும், அதில் நிற்கிறாரா, எடுக்கிறாரா என்பதையும் பார். நிற்கும் மேசை உனக்கு நல்லது, வித்தியாசம் 0.2 சதவீதம் இருக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இத்தனையும் சரியாகச் செய்தாலும் 100 கையில் சுமார் 49 தோற்பாய், 42, 43 ஜெயிப்பாய், மீதி புஷ். டபுளும் பிளாக்ஜாக்கும் அந்த இடைவெளியை முக்கால்வாசிக்கு மேல் அடைக்கின்றன, முழுவதும் அடைப்பதில்லை. ஒரு மாலையில் 100 கை ஆடினால் கணக்குப்படி உன் இழப்பு அரைப் பந்தயம். ஆனால் ஏற்ற இறக்கம் 11, 12 பந்தயம் மேலேயும் கீழேயும் போவது சாதாரணம். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். அன்று நீ ஜெயித்ததை வைத்து நன்றாக ஆடினாய் என்று சொல்ல முடியாது, தோற்றதை வைத்து மோசமாக ஆடினாய் என்றும் சொல்ல முடியாது. 16இல் நின்று ஜெயித்தவர் அடுத்த முறையும் நிற்பார், தன் அனுபவம் என்பார். நீ கையை வைத்து முடிவு செய், போன கையின் விளைவை வைத்து முடிவு செய்யாதே. பக்கத்தில் இருப்பவர், "நீங்கள் அந்தச் சீட்டை எடுத்ததால்தான் டீலர் தப்பித்தார்" என்று கோபிப்பார். கவிழ்ந்த சீட்டுக்கட்டில் எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உன் சீட்டு அவரைக் கெடுத்த தடவைக்கு நிகராக அவருக்கு உதவிய தடவையும் இருக்கும், அது மட்டும் யார் கண்ணிலும் படாது. பதில் சொல்லாமல் ஆடு.

தோற்றால் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் கடைசியில் எடுத்துவிடலாம் என்று உன் நண்பர் ஒருவர் கட்டாயம் சொல்வார். 10இல் தொடங்கி ஏழு கை வரிசையாகத் தோற்றால் 1270 போயிருக்கும், எட்டாவது கைக்கு 1280 வேண்டும், மேசையின் உச்ச வரம்பு பெரும்பாலும் அதற்கு முன்பே வந்து நிற்கும். அதெல்லாம் வேண்டாம். சீட்டு எண்ணுவது உண்மையான வித்தை. மீதியுள்ள சீட்டுக்கட்டில் பத்தும் ஏஸும் மிகுந்திருக்கும்போது பந்தயத்தைக் கூட்டுவது. தார்ப் 1962இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு கேசினோக்கள் கட்டுகளைக் கூட்டியதும் அடிக்கடி கலைப்பதும் இதற்காகத்தான். மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஒரு மாலைக்குப் போகிறவளுக்கு அது தேவையில்லை.

மேசை வழக்கம் கொஞ்சம். பணத்தை டீலர் கையில் தராதே, மேசையில் வை. திறந்து போடும் ஆட்டத்தில் சீட்டைத் தொடாதே. சீட்டு வேண்டும் என்றால் விரலால் மேசையைத் தட்டு, போதும் என்றால் கையை வீசிக் காட்டு. வாயால் சொன்னால் மட்டும் போதாது, மேலே உள்ள கேமராவுக்கு சைகைதான் சாட்சி. சீட்டு போட ஆரம்பித்ததும் பந்தயத்தில் கை வைக்காதே.

எவ்வளவு போனால் உன் மாதச் செலவில் ஒரு ரூபாய் கூடக் குறையாதோ அவ்வளவு பணம் மட்டும் எடுத்துப் போ, கார்டை அறையில் வைத்துவிடு. மணிக்கு 60, 70 கை ஓடும், அதனால் சின்னப் பந்தயமும் சேர்ந்து பெரிதாகும். குடித்துவிட்டு உட்காராதே. திரும்பி வந்த பிறகும், போனதை மீட்க வேண்டும் என்ற எண்ணம் மனதை அரித்துக்கொண்டே இருந்தால், எந்த நேரமானாலும் எனக்கு ஃபோன் செய். கோபிக்க மாட்டேன். அதைக் கேட்கத்தான் அப்பா இருக்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு சீட்டுக்கட்டு வாங்கு. ஒரு சீட்டை டீலருடையதாகத் திறந்து வைத்து, உனக்கு இரண்டிரண்டாகப் போட்டு, என்ன செய்வாய் என்று வாய்விட்டுச் சொல், பிறகு அட்டையில் சரிபார். முதல் வாரம் ஏஸும் ஜோடியும் இல்லாத கைகள், அடுத்த வாரம் சாஃப்ட், அதன் பின் ஜோடிகள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நான் கைகளைச் சொல்கிறேன், நீ யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும். இந்த ஞாயிறு 12இல் இருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
அப்பா