ஏழு பேர் வாங்கிய காற்று

ஆசிரியருக்கு வணக்கம்.

சைக்கிள் அணிக்கு வேகமானவர் ஒருவர் போதும் என்று எழுதியிருந்தீர்கள். சைக்கிள் கடைக்காரனான எனக்கு அது ஒப்பவில்லை. 2011இல் கோபன்ஹேகன் உலகப் போட்டியில் கடைசி நேரப் பாய்ச்சலில் வல்லவரான மார்க் கேவன்டிஷுக்காக பிரிட்டனின் மற்ற ஏழு பேரும் முன்னால் ஓட்டி, பின்னால் வரும் அவருக்குக் களைப்பு குறையும்படி எதிர்காற்றை வாங்கிக்கொண்டார்கள். அதில் பெரும் புகழ்பெற்ற வீரர் விக்கின்ஸும் ஒருவர்! கடைசியில் வலதுபக்கத் தடுப்போரம் கிடைத்த சந்தில் புகுந்து, ஆஸ்திரேலியாவின் மேத்யூ காஸை மயிரிழையில் முந்தினார் கேவன்டிஷ்.

மறுவருடம் லண்டன் ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஐந்து பேர்தான் உச்சவரம்பு. பாக்ஸ் ஹில் மேட்டை வேறு ஒன்பது முறை ஏறவேண்டும். முன்னே போய்விட்ட கூட்டத்தை நாலு பேரால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. மற்ற நாட்டாரும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. தங்கம் கஜகஸ்தானின் வினோகுரோவுக்குப் போனது. கேவன்டிஷ் 29ஆவது. அதே கால்தான்!

அடுத்த முறை துணைக்குப் போனவர்கள் பெயரையும் போடுங்கள்.

– வாசகர், திருச்சி