அப்பாவைத் தேடித் தந்தவர்களுக்கு

எங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஷெரிஃப் அலுவலகத்தாருக்கும், தேடல் மீட்புக் குழுவின் தன்னார்வலர்களுக்கும், விளக்குகளோடு ஓடி வந்த அண்டை வீட்டாருக்கும் வணக்கம்.

மறதி நோயுள்ள, 79 வயதான என் தந்தை சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் வாசற்கதவைத் திறந்துகொண்டு தனியே வெளியேறிவிட்டார். வட கலிபோர்னியாவின் மலையடிவாரத்தில், எந்த நகராட்சியின் எல்லைக்குள்ளும் வராத பகுதியில் எங்கள் வீடு இருப்பதால், அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்ததும் வந்தவர், நகரக் காவலர் அல்ல, ஷெரிஃப் அலுவலகத்தின் காவல் அதிகாரியான டெபுடி. 24 மணி நேரம் கழிந்தால்தான் புகாரை ஏற்பார்கள் என்றெண்ணி முதல் அரை மணி நேரத்தை நாங்கள் வீணாக்கியிருந்தோம். கலிபோர்னியச் சட்டத்தில் அப்படியொரு காத்திருப்பே கிடையாது, புகாரைத் தாமதமின்றிப் பெற்றாக வேண்டும் என்பதைத் தொலைபேசியில் பேசிய பெண்மணி கடிந்துகொள்ளாமல் எடுத்துச் சொன்னார். முதியோர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மோப்ப நாயுடன் வந்தவர், அப்பா பயன்படுத்திய, துவைக்காத துணி ஏதேனும் உண்டா என்று கேட்டார். நாற்காலியில் கிடந்த துண்டை எடுக்கப்போன அம்மாவைத் தடுத்து, வேறொருவர் வாசனை அதில் கலக்கக்கூடாது என்று சொல்லி, தாமே கையுறை அணிந்து அதைப் பையிலிட்டுக்கொண்டார். அறியாதவர்கள் கூப்பிட்டால் இத்தகைய நோயாளிகள் பதில் தராமல் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு என்பதால், டெபுடி என் குரலைப் பதிவுசெய்தார். "அப்பா, சாப்பிட வாங்க" என்று நான் சொன்னது ரோந்து வண்டியின் ஒலிபெருக்கியில் ஓடைக்கரை நெடுகத் திரும்பத் திரும்ப ஒலித்தது. பின்னிரவு 2 மணியளவில், வறண்ட ஓடையில் ஓர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பாவை அந்த நாய் கண்டுபிடித்தது. ஒரு காலில் செருப்பில்லை, உடல் சில்லிட்டிருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை.

சென்னையில் 1727 முதல் 1998 வரை இருந்து, பிற்காலத்தில் பிரமுகர்களுக்கான கௌரவப் பதவியாகிவிட்ட ஷெரீப்பைப் பற்றி மட்டுமே சிறுவயதில் கேள்விப்பட்டவள் நான். இங்கே ஷெரிஃப் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. கவுண்டியின் சிறையை நடத்துவது, நீதிமன்றத்துக்குக் காவல் தருவது, நீதிமன்ற ஆணைகளை உரியவரிடம் சேர்ப்பிப்பது, இம்மாநிலத்தின் பெரும்பாலான கவுண்டிகளில் சந்தேக மரணங்களை விசாரிப்பது ஆகிய அத்தனையும் செய்யும் அதே அலுவலகம்தான் வழிதவறியவர்களைத் தேடும் பொறுப்பையும் சுமக்கிறது என்பதை அந்த இரவுக்குப் பிறகே அறிந்தேன். இத்தனைக்கும், புதருக்குள் புகுந்து தேடியவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. விடிந்ததும் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தவர்.

அவர்தான் தம் மேலங்கியைக் கழற்றி அப்பாவுக்குப் போர்த்தியவர். அம்மா, அதை எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தில் போட மனமில்லாமல் தம் கையாலேயே துவைத்து மடித்து வைத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை குழுவினர் பயிற்சிக்குக் கூடும்போது, அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்து அதை நேரில் தருகிறோம்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
அவருடைய மகள்