அந்தப் பெட்டிக்குள் “இதர” என்றால் எது?

அமெரிக்க ஆர்.வி. (வீட்டு வசதிகளோடு கூடிய பயண வண்டி) தயாரிப்பாளர்களுக்கு, குறிப்பாக இண்டியானா மாநிலம் எல்க்ஹார்ட் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு,

வணக்கம். உங்கள் வண்டியில் ஓடுவது இரண்டு மின்சாரம். முகாமிடும் இடத்து மின்கம்பத்திலிருந்து வரும் 120 வோல்ட்டுக்குப் பிரேக்கர், பேட்டரியின் 12 வோல்ட்டுக்கு ஃபியூஸ். இரண்டும் பெரும்பாலும் ஒரே பெட்டியில், தரையோடு தரையாக இருக்கும். படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்கிறோம், போகட்டும். ஆனால் கதவில் ஒட்டிய சீட்டில் “லைட் 1”, “லைட் 2”, “இதர” என்று எழுதினால் எப்படி?

என் வண்டியில் அந்த “இதர” போனபோது தண்ணீர் பம்போடு ஃபிரிட்ஜும் நின்றது. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ்! யாருக்கும் முதலில் சிலிண்டர் மேல்தான் சந்தேகம் வரும். கேஸில் ஓடினாலும் அதன் கன்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதைச் சீட்டில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இதைவிட மோசம், 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரில் தனியாக ஒதுங்கியிருக்கும் 30 அல்லது 40 ஆம்ப் ஃபியூஸ்கள். பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களை ஒரு நொடி மாற்றித் தொட்டாலே அவை போய்விடும். கம்பத்தில் செருகியிருக்கும்வரை விளக்கு எரியும், பிடுங்கினால் இருட்டு. பேட்டரி செத்துவிட்டது என்று நம்பி நல்ல பேட்டரியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குகிறார்கள். டீலருக்கு வேண்டுமானால் அது லாபம்.

கையேட்டிலோ எதற்கெடுத்தாலும் “டீலரை அணுகவும்”. பிளேடு ஃபியூஸைப் பிடுங்காமலே சோதிக்கலாமே. அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மாறி மாறி மல்டிமீட்டர் முனையை வைத்து, மறுமுனையை நெகட்டிவில் வைத்தால் போதும். இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் காட்டினால் போய்விட்டது. கண்ணால் பார்த்து நம்ப முடியாது, மயிரிழை விரிசல் தெரியாது. நீல நிற 15 ஆம்ப் ஃபியூஸ் போன இடத்தில் கையில் கிடைத்த பச்சை நிற 30 ஆம்ப் ஃபியூஸைச் செருகினால் ஃபியூஸுக்கு முன் வயர் எரியும் என்பதையும் அங்கேயே சிவப்பு எழுத்தில் போடுங்கள். குளியலறைப் பிளக்கின் ரீசெட் பொத்தான் விழுந்தால் வெளிப்புறப் பிளக்கும் வேலை செய்யாமல் போகலாம், அதையும்.

வயரிங் வரைபடம் உங்களிடம் இருக்கிறது, அதை வைத்துத்தானே வண்டியைக் கட்டினீர்கள். எந்த ஃபியூஸ் எதற்கு, பேட்டரி அருகே வயரின் நடுவில் ஒளிந்திருக்கும் ஃபியூஸ் எங்கே என்று குறித்து, ஒரு பிரதியைக் கதவின் உட்புறம் ஒட்டி அனுப்புங்கள். ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கு, வண்டி எண்ணைக் கொடுத்தால் இறக்கிக்கொள்ளும்படி உங்கள் இணையதளத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
டெக்சாஸிலிருந்து ஓர் ஆர்.வி. உரிமையாளர்