முதற்கட்டத்தில் கைவரைபடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்
மதிப்பிற்குரிய நூலகக் கட்டடக் குழுவினருக்கு,

வணக்கம். களியக்காவிளைப் பகுதியில் அமையவிருக்கும் நூலகத்துக்கு வடிவமைப்புகளைக் கோரும் உங்கள் அறிவிப்பில், முதற்கட்டத்திலேயே கணினியில் உருவாக்கிய, புகைப்படம் போன்ற த்ரீடி படங்கள் மட்டுமே ஏற்கப்படும் என்று கண்டேன். இந்தத் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் நெடுங்காலமாக வீடுகளுக்கு வரைபடம் போட்டுவருகிறவன் என்ற முறையில், அந்த நிபந்தனையை நீக்குமாறு வேண்டுகிறேன்.

தொடக்கத்தில் எந்தக் கட்டடத்திலும் பாதி விஷயங்கள் முடிவாகியிருக்காது. பென்சில் கோடு அதை மறைப்பதில்லை. பார்ப்பவர் தயங்காமல் விரலை வைத்து, இந்தச் சன்னலைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்பார். த்ரீடி படத்திலோ கதவின் கைப்பிடி வரை ஏதேனும் ஒன்றை வைத்தே ஆகவேண்டியிருப்பதால், யாரும் தீர்மானிக்காதது தீர்மானமானதுபோல் தோன்றிவிடுகிறது. பார்வைக் கோணத்தை அகலமாக்கினால் பத்தடி அறையும் கூடமாகத் தெரியும். மாலை வெயிலைப் போட்டால் எந்தச் சுவரும் அழகுதான்.

நம் ஊரில் சுவரைச் சோதிப்பது மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்காரர் த்ரீடி முகப்பில் மனம் பறிகொடுத்து, சுவரைத் தாண்டிக் கூரை நீளாத வடிவத்தைத் தேர்ந்தார். நானும் வற்புறுத்தி மறுக்கவில்லை. முதல் மழைக்காலத்திலேயே மேற்குச் சுவர் உள்பக்கம் வரை ஊறியது. கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் ஒரு குறுக்குவெட்டுப் படத்தைக் கையால் வரைந்து காட்டியிருந்தால், சாரல் எங்கே விழும் என்பது அவருக்கே விளங்கியிருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் ஓட்டுக்கூரை சுவரை விட்டு எவ்வளவு வெளியே இறங்குகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தை வடிவமைத்த லாரி பேக்கர், செலவு குறைந்த கட்டுமானத்தைப் பொதுமக்களுக்குக் கைப்படங்களாலேயே சொல்லிக்கொடுத்தார். கொத்தனாருக்கும் அவை புரிந்தன.

கணினி வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஏறத்தாழ 8 டிகிரி வட அட்சரேகையில், ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும் நம் ஊரில், எந்த மாதம் எந்தச் சன்னலில் வெயில் விழும் என்பதைக் கணினி துல்லியமாகக் காட்டும். அதைத் தேர்வான வடிவமைப்புக்கு, இறுதிக் கட்டத்தில் கேளுங்கள்.

முதற்கட்டத்துக்கு 1:100 அளவில் தரைப்படம், கூரையும் மழைநீர் போகும் வழியும் தெரியும் ஒரு குறுக்குவெட்டு, தெருவில் நிற்பவரின் கண்மட்டத்தில் ஒரு காட்சி ஆகிய மூன்றும் போதும். கையால் வரைந்தாலும் கணினியில் வரைந்தாலும் ஏற்கலாம். த்ரீடிக்குச் செலவழிக்க இயலாத இளம் வடிவமைப்பாளர்களும் அப்போது பங்கேற்பார்கள். அறிவிப்பைத் திருத்தும்போது கடைசி நாளையும் சற்றுத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்துக் கட்டட வரைவாளர் ஒருவர்