எங்களுக்கு முன்பே ஓடி வந்தவர்களுக்கு

வணக்கம்.

இடிபாடுகளுக்குள்ளிருந்து ஆட்களை மீட்பதே எங்கள் வேலை. ஆனால் நிலநடுக்கத்தில் உயிரோடு மீட்கப்படுபவர்களில் பெரும்பாலோரை முதல் சில மணி நேரத்திலேயே வெளியே கொண்டுவந்துவிடுபவர்கள் அக்கம்பக்கத்தாரும் வழிப்போக்கர்களும்தான். 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோ நகரிலும், 1995 ஜனவரி 17இல் ஜப்பானின் கோபே நகரிலும் அப்படித்தான் நடந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக அந்த இடுக்குக்குள் தலையை நுழைத்த உங்களுக்குத்தான் இந்த மடல்.

6 அடிக்கு 3 அடி, 5 அங்குலக் கனமுள்ள கான்கிரீட் துண்டே அரை டன் இருக்கும். அதைக் கார் ஜாக்கியால் தூக்கியவர்களே, ஜாக்கிக்கு அடியில் பலகை போட்டீர்களே, அதற்குத் தனி நன்றி. பலகை இல்லையென்றால் ஜாக்கி மண்ணில் புதையும், சாயும். ஓர் அங்குலம் ஏற்றியதும் ஓர் அங்குலத்துக்குக் கட்டை செருகினீர்கள். இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினீர்கள். ஜாக்கி நழுவினால்கூட பாரம் கட்டையில்தான் உட்காரும், அடியில் கிடப்பவர் மேல் இறங்காது. லாரிக்கு முட்டுக் கொடுத்துப் பழகிய கைகள் இதை எங்கள் பயிற்சி மாணவர்களைவிடச் சுத்தமாகச் செய்கின்றன.

பொக்லைன் ஓட்டுநர்களே, "சீக்கிரம் இழு" என்று கூட்டம் கத்தியும் நீங்கள் வண்டியை நிறுத்தி வைத்தீர்கள். சரிந்த தளம் சுவரில் சாய்ந்து நிற்கும் முக்கோண இடைவெளியில்தான் ஆள் உயிரோடு இருப்பார். ஒரு மூலையை இழுத்தால் அந்த இடைவெளியே மூடிவிடும். ஒருவர் கை உயர்த்தியதும் எஞ்சினை அணைத்துப் பேச்சை நிறுத்தியவர்களும் உங்களில் உண்டு. குழாயைத் தட்டிவிட்டுக் காதை வைத்தால், பதில் தட்டல் அந்த அமைதியில்தான் கேட்கும்.

பல மணி நேரம் தொடை நசுங்கிக் கிடந்தவரை இழுத்துவிடாமல், மருத்துவக் குழு வரும்வரை அவர் கையைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்தபடி படுத்திருந்தவர்களுக்கு என்ன சொல்வது! அடுத்த அதிர்வு வந்தால் அந்தத் தளம் உங்கள் மேலும் விழுந்திருக்கும். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியம், பாரத்தை எடுத்ததும் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் முதலில் சலைன் ஏற்றிவிட்டு, பிறகு தூக்குகிறோம். சில நிமிடங்களே அழுந்திக் கிடந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே எடுத்துவிடுவதுதான் சரி.

வாளி வாளியாக இடிபாட்டைக் கைமாற்றிய வரிசைக்கும், குவியலின் மேல் ஏறாமல் ஓரமாக நின்றவர்களுக்கும் நன்றி. மேலே ஏறும் ஒவ்வொருவரின் எடையும் கீழே இருப்பவர் மீதுதான் இறங்கும்.

உங்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். கம்பியோ ஆணியோ குத்தியிருந்தால் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சிமென்ட் தூசியால் வந்த இருமல் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து கேட்ட குரல்கள் இரவில் திரும்பத் திரும்பக் கேட்டு, வாரக்கணக்கில் தூக்கம் வராமல் போனால் மனநல மருத்துவரிடம் தயங்காமல் போங்கள். எங்கள் குழுவினரையும் அங்கேதான் அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
இடிபாட்டு மீட்புப் பணியாளர்கள்